எங்கள் வீட்டு பீமனும் பொன்னியும்

நாய் வளர்ப்பதைப் பற்றி எத்தனையோ படித்திருப்பீர்கள். குட்டிக்கு எப்போது ஊசி போடுவது, என்ன சாப்பாடு கொடுப்பது, சோபாவைக் கடிக்காமல் எப்படிப் பழக்குவது என்றெல்லாம். வளர்த்த நாயைப் பறிகொடுப்பது பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை. அதிலும் ராட்சத ஜாதி நாய்களை, யாரோ வேண்டாமென்று கைவிட்ட பிறகு எடுத்து வளர்க்கிறவர்கள் பாடு இருக்கிறதே, அது தனி. அவர்களுக்கு அந்த நாள் சீக்கிரமே வந்துவிடுகிறது.

நம் தெரு நாயோ, பொமரேனியனோ நன்றாகக் கவனித்துக்கொண்டால் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் இருக்கும். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றுக்கு ஏழிலிருந்து பத்து வருஷம்தான். யானை எலியைவிட நெடுநாள் வாழ்கிறது. நாய் இனத்துக்குள் மட்டும் கணக்குத் தலைகீழ்! பிறக்கும்போது முக்கால் கிலோகூட இருக்காத கிரேட் டேன் குட்டி, முதல் வருஷத்திலேயே ஐம்பது, அறுபது கிலோவாகிவிடும். அந்த அவசர வளர்ச்சிக்கு உடம்பு கொடுக்கிற விலைதான் குறைந்த ஆயுள் என்கிறார்கள். 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நாயின் உடல் எடையில் கூடும் ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைவதாகக் கண்டார்கள்.

குட்டியாக வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிவதில்லை. வருஷம் திரும்புவதற்குள் அது சாப்பாட்டு மேஜை உயரத்துக்கு நிற்கிறது. வாலை ஆட்டினால் டம்ளர், தட்டெல்லாம் கீழே! அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். அப்புறம் என்ன, ஏதாவதொரு ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அதில் எழுதிய அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். யார் பயப்படுவார்கள், சொல்லுங்கள்!

பீமன் எங்களிடம் வந்தது 2011-ல். கிரேட் டேன், மூன்று வயதிருக்கும் என்றார் டாக்டர். அறுபது கிலோ இருக்க வேண்டியவன் முப்பத்தெட்டு கிலோ இருந்தான். விலா எலும்பை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். முழங்கையில் சிமென்ட் தரையில் படுத்துப் படுத்துக் காய்த்துப் போன தழும்பு. என் மாமியார் வாசற்படியிலேயே நின்று, "இது நாயா, கன்னுக்குட்டியா? இதுக்கு யார் வடிச்சுக் கொட்டறது?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். முதல் மாதம் அரிசிக் கணக்கைப் பார்த்து நானே கொஞ்சம் மலைத்தேன்.

ஆறு மாதத்தில் ஐம்பத்தெட்டு கிலோ ஆனான். அப்பப்பா, எத்தனை பெரிய உருவம், எத்தனை பயந்த சுபாவம்! குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் நுழையப் பார்ப்பான். தலை மட்டும்தான் நுழையும். துடைப்பத்தை எடுத்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வான். யார், எதற்காக அவனைத் துடைப்பத்தால் அடித்தார்களோ! மாமியார் அதைக் கவனித்துவிட்டு, அவன் கொல்லைப்புறம் போகும்வரை வீடு பெருக்கக் கூடாது என்று வேலைக்காரம்மாவிடம் சொல்லி வைத்தார். அப்புறம் மதியத்தில் அவர் கையால் ஒரு உருண்டை தயிர்சாதம் வாங்காமல் அவன் தன் தட்டுக்கே போகமாட்டான்.

2015-ல் முன்னங்காலை விந்தி விந்தி நடக்க ஆரம்பித்தான். சுளுக்கு என்று மருந்து கொடுத்தார்கள். பத்து நாளாகியும் குறையாமல், மணிக்கட்டுக்கு மேலே லேசாக வீக்கம் தெரிந்ததும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புப் புற்றுநோய். பெரிய ஜாதி நாய்களுக்கு அதிகம் வருவது இது. காலை எடுத்தால் வலி போகும், ஆயுள் அதிகம் நீடிக்காது என்றார் டாக்டர். பீமனின் இடுப்பு மூட்டுகளும் பலவீனமாக இருந்ததால் மூன்று காலில் அந்த எடையைச் சுமப்பான் என்று அவருக்கு நம்பிக்கையில்லை. வலி மாத்திரையோடு இரண்டு மாதம் ஓடியது.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நாய் நொண்டுகிறதே என்று, நமக்குத் தலைவலிக்கு வைத்திருக்கும் பாரசிட்டமால், இபுப்ரோஃபென் மாத்திரையை உடைத்துச் சோற்றில் போட்டுவிடாதீர்கள். நாய்களுக்கு அவை விஷமாகிவிடும். இன்னொன்று, இந்தப் பெரிய நாய்களுக்குச் சாப்பிட்டபின் வயிறு உப்பி, குடல்பை முறுக்கிக்கொள்கிற ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல், எச்சில் ஒழுக, இருப்புக்கொள்ளாமல் தவித்தால் விடியட்டும் என்று இருக்கவே கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்; சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள்.

பீமன் ஒரு நாள் தயிர்சாதத்துக்கு எழுந்து வரவில்லை. மாமியார் கொண்டு போய் வாயருகே நீட்டினார். முகர்ந்து பார்த்துவிட்டு அவர் கையை நக்கினான், சாப்பிடவில்லை. "இனிமே அவனைப் படுத்தாதீங்க" என்று முதலில் சொன்னது அவர்தான். மறுநாள் டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் தூங்குவதற்கு ஒரு ஊசி, அப்புறம் இன்னொன்று. அவனுடைய கோணிச் சாக்கிலேயே, மாமியார் மடியில் தலை வைத்தபடி போனான்.

"நாய்க்கா இவ்வளவு அழுகை?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் சைமன்ஸ் டவுன் என்ற கடற்படை ஊரில் ஜஸ்ட் நியூசன்ஸ் என்று ஒரு கிரேட் டேன் இருந்தது. மாலுமிகள் பின்னாலேயே ரயிலேறிவிடும். டிக்கெட் இல்லாமல் வருகிறது, கொன்றுவிடுவோம் என்று ரயில்வேக்காரர்கள் மிரட்டியதும், 1939 ஆகஸ்டில் அதைக் கடற்படையிலேயே மாலுமியாகச் சேர்த்துவிட்டார்கள்! சேர்ந்தவருக்கு ரயில் இலவசமாயிற்றே. 1944 ஏப்ரல் முதல் தேதி, அதன் ஏழாவது பிறந்த நாளன்று, விபத்தில் பட்ட அடியால் உடம்பு மெல்ல மெல்ல முடங்கிவந்த அதை டாக்டர்களே தூங்கவைத்தார்கள். ராணுவ மரியாதையுடன் துப்பாக்கி முழங்க அடக்கம் செய்தார்கள். அந்த ஊர் சதுக்கத்தில் இன்றும் அதற்குச் சிலை இருக்கிறது. சிப்பாய்கள் அழுதிருக்கிறார்கள், நாம் அழக்கூடாதா?

ஆறு வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. "ஊருக்கு அனுப்பிட்டோம்னு சொல்லிடு" என்றார்கள் சிலர். நான் ஒப்பவில்லை. ஊருக்குப் போனவன் திரும்பி வருவான் என்று குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "தூங்கிப் போயிட்டான்" என்பது அதைவிட மோசம். ராத்திரி தானே தூங்கப் பயப்படும். செத்துப் போயிட்டான், இனி வரமாட்டான், அவனுக்கு வலிக்காது என்று மூன்றையும் சொன்னேன். "நான் அன்னிக்கு அவன் வாலை மிதிச்சேனே, அதனாலயா?" என்று கேட்டான். நல்லவேளை, கேட்டுவிட்டான். குழந்தைகள் மனசில் இப்படி ஒன்று கிடக்கும். நாமாகவே "உன்னால் இல்லை" என்று சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு வருஷம் கழித்து, 2017-ல் பொன்னி. செயின்ட் பெர்னார்ட். பனிமலையில் பிறக்க வேண்டிய ஜாதியை, சென்னை மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்கடியில் கட்டிப்போட்டிருந்தார்கள். காதெல்லாம் உண்ணி. ஆறு வயது என்றார்கள். "ரெண்டு வருஷத்துக்காக இந்தப் பாடா?" என்று என் கணவர் கேட்டதற்கு மாமியார், "கடைசி ரெண்டு வருஷம்தான்டா கவனிக்க ஆள் வேணும்" என்றார்.

சித்திரப் புத்தகங்களில் இந்த நாய்க்குக் கழுத்தில் ஒரு சின்னப் பீப்பாய் இருக்குமே, அது ஓவியர் கற்பனை. ஆனால் ஆல்ப்ஸ் மடத்தில் வளர்ந்த பாரி என்ற நாய் நிஜம். பனியில் சிக்கிய நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அது பதினான்கு வயது வாழ்ந்து 1814-ல் இறந்தது. பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் அதன் உருவத்தைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். இன்றைய செயின்ட் பெர்னார்டைவிட பாரி உடம்பில் நன்றாகச் சிறியது. கண்காட்சிக்காகப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வளர்த்ததில் ஆயுள் போயிற்று என்பது என் எண்ணம்.

பொன்னிக்கு நாள் முழுக்க மின்விசிறி, ஈரத் துணி, மொசைக் தரையில் வழுக்காமலிருக்கப் பழைய ஜமக்காளம். நடை விடியற்காலை ஐந்து மணிக்குத்தான். இருபது மாதம் இருந்தாள். இதயம் வீங்கியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். 2019 தை மாதம் ஒரு காலை, பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வழக்கமாக வாசல்வரை வருகிறவள் வரவில்லை. உறக்கத்திலேயே போயிருந்தாள். அவனேதான் அவள் மேல் போர்வையை இழுத்துவிட்டான்.

இருவருடைய கழுத்துப் பட்டைகளும் அலமாரியில் மாமியாரின் பட்டுப் புடவைகளுக்குக் கீழே இருக்கின்றன. அவருக்கு இப்போது எண்பது ஆகிறது. போன வாரம் யாரோ ஒரு வயதான மாஸ்டிஃபைப் பற்றிப் போனில் சொன்னார்கள். "எத்தனை வயசாம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.