தபாலில் வந்த சர்வகலாசாலை

எம்மிடம் பல்லாண்டுகளுக்கு முன் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் எம் இல்லம் தேடி வந்தார். இப்போது அவர் ஒரு கந்தோரில் லிகிதர். இரு குழந்தைகளின் தந்தை. தொலைக்கல்வி வாயிலாகப் பட்டம் பெற விரும்புகிறார். "வீட்டிலிருந்து படித்த பட்டத்தை ஆர் மதிப்பினம், சேர்?" என்பதே அவர் கவலை. நியாயமான கவலைதான். பிரித்தானியாவில் இதே ஐயம் ஒரு காலத்தில் அரசியல்வாதிகளையே இரு கூறாக்கியது. அக்கதையை அவருக்குக் கூறினோம். வாசகர்களுக்கும் பயன்படுமெனக் கருதுகின்றோம்.

சர்வகலாசாலை மண்டபத்தில் கால் வையாமலே பட்டம் பெறும் வழக்கம் புதியதன்று. இலண்டன் சர்வகலாசாலை 1858ஆம் ஆண்டிலேயே, மருத்துவம் நீங்கலாக, தன் பரீட்சைகளை எங்கு படித்தவர்க்கும் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் தோன்றிய சர்வகலாசாலைக் கல்லூரியின் மாணவரும், 1942இல் இலங்கைச் சர்வகலாசாலை பிறக்கும்வரை இலண்டன் வெளிவாரிப் பட்டத்திற்கே தோற்றினர். ஆயினும் இலண்டன் அவர்களைப் பரீட்சித்ததேயன்றிக் கற்பிக்கவில்லை. கற்பது மாணவன் பாடு.

அக்குறையை நீக்க வந்ததே பிரித்தானியத் திறந்த சர்வகலாசாலை. 1963இல், எதிர்க்கட்சித் தலைவராயிருந்த ஹரல்ட் வில்சன் கிளாஸ்கோ நகரில் இவ்வெண்ணத்தை வெளியிட்டார். பிரதமரானபின், 1965இல், ஜெனி லீ அம்மையாரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ஸ்கொத்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான அவ்வம்மையார், தொழிலாளருக்கென்று தரங்குறைந்த கல்வி வேண்டாம், ஏனைய சர்வகலாசாலைகளுக்கு நிகரான பட்டமே வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார். அப்பிடிவாதமே நிறுவனத்தைக் காத்தது என்பது எம் கருத்து.

1969 ஏப்பிரல் 23இல் அரச சாசனம் கிடைத்தது. எக்செற்றர், ஹல் முதலிய கல்லூரிகள் பல்லாண்டு இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ்செய்து, பின்னரே தம் பெயரிற் பட்டமளிக்கும் உரிமை பெற்றவை. இதற்கோ அவ்வுரிமை பிறக்கும்போதே வந்தது. எனினும் சாசனம் உரிமையைத் தருமேயன்றி மதிப்பைத் தராது. 1970 தேர்தலில் ஆட்சி மாறியது. இத்திட்டத்தை வெறும் உளறலென எள்ளிய இயன் மக்லியோட் நிதியமைச்சராகி, சில வாரங்களில் மறைந்தார். கல்வியமைச்சர் மார்கிரட் தட்சர் அதனைத் தொடர விட்டார். 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 பேர் படிக்கத் தொடங்கினர்.

நுழைவதற்கு எச்சான்றிதழும் கேட்கப்படவில்லை; வெளியேறும் வாயிலிலேதான் காவல். பேராசிரியர் குழுக்கள் எழுதிய பாடநூல்கள் தபாலில் வந்தன. விஞ்ஞான மாணவருக்குச் சிறு நுணுக்குக்காட்டியும் பெட்டியில் வந்தது! பி.பி.சி. விரிவுரைகளை ஒலி, ஒளிபரப்பியது. ஒப்படைகளை ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினர். கோடையில் ஒரு வாரம் நேரில் வகுப்பு. ஈற்றில் மேற்பார்வையுடன் கூடிய பரீட்சை. பிற சர்வகலாசாலைகளின் பரீட்சகர்களும் தரத்தை நோக்கினர். ஆண்டுக்கொரு பாடமாக ஆறு தேறினால் சாதாரணப் பட்டம். எட்டுத் தேறினால் சிறப்புப் பட்டம். வேலை முடிந்து வந்து ஆறாண்டு மாலைப்பொழுதுகளைப் படிப்பிற்கு ஈந்தவரை எவர் இகழ்வார்?

பிற கல்லூரிகளின் பட்டங்களுக்கு அங்கீகாரமளித்த தேசிய சபை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கலைக்கப்பட்டபோது, அப்பணியை ஏற்றுக்கொண்டதும் இத்திறந்த சர்வகலாசாலையே. உளறலென்று சொல்லப்பட்டது, பிறர் தரத்திற்குச் சான்று கூறும் நிலைக்கு வந்தது.

நம் நாட்டில் 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், ஏனைய அரச பல்கலைக்கழகங்களைப் போல 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்ததே. பத்திரிகை விளம்பரங்களிற் காணும் எல்லா நிறுவனங்களையும் அவ்வாறு கூறவியலாது. பணங்கட்டுமுன், பட்டமளிக்கும் அதிகாரத்தை அவற்றிற்கு யார் அளித்தனர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதனை ஏற்கின்றதா என்று விசாரித்தல் வேண்டும்.

இவற்றைக் கேட்டிருந்த எம் மாணவர், "அப்ப மதிப்பைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, சேர். பிள்ளையள் நித்திரையாகவே பத்து மணியாகும். அதுக்குப் பிறகு படிக்கலாமோ எண்டுதான் யோசிக்கிறன்" என்றார்.