மறைத்து வைத்தால் வளரும் நோய்

காந்திபுரம் பேருந்து நிலையத்தின் ஓரத்தில் விடியற்காலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஈரோடு, சேலம், திருப்பூர் என்று பல ஊர்களிலிருந்தும் பேருந்துகள் வந்து நிற்கின்றன. மக்கள் இறங்குகிறார்கள், அவர்களோடு மூட்டைகளும் இறங்குகின்றன. கிராஸ்கட் ரோட்டுத் துணிக்கடைகளுக்குச் செல்லும் கட்டுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு விரைகின்ற உழைப்பாளரைக் காண்கிறோம். அவர்களுள் ஒருவர், சுமையை இறக்கியதும் அடிவயிற்றின் ஓரத்தை ஒரு கையால் மெல்ல அழுத்திக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை நாம் கவனித்திருப்போமா? கவனித்திருந்தாலும் காரணம் கேட்டிருப்போமா? கேட்டிருந்தால், "ஒன்றுமில்லைங்க, சும்மா பிடிப்பு" என்றுதான் அவர் சொல்லியிருப்பார்.

அவர் மறைப்பது குடலிறக்கம். மருத்துவர்கள் அதனை ஹெர்னியா என்பர். மனைவிக்கும் சொல்லாமல், இறுக்கமான உள்ளாடைக்குள் அதை ஒளித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்கள் நம்மிடையே பலர். நோய் இருக்கும் இடத்தைப் பற்றிய வெட்கம் ஒரு காரணம். ஆண்மை போய்விடும் என்ற வீண் பயம் மற்றொன்று. வேலை போய்விடுமோ என்னும் கவலை எல்லாவற்றிலும் பெரியது. தாய்மார்களும் விதிவிலக்கல்லர். பல பிரசவங்களுக்குப் பின் தொப்புளருகே தோன்றும் பிதுக்கத்தையும், சிசேரியன் தழும்பின்மேல் எழும் வீக்கத்தையும் அவர்கள் சேலை மடிப்புக்குள் மறைத்துவிடுகிறார்கள். இந்த மறைப்பே நோயைவிடக் கொடியது என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நோய் எது?

சைக்கிள் டயர் ஓரிடத்தில் நைந்துவிட்டால், உள்ளிருக்கும் டியூப் அங்கே பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குடலிறக்கமும் அத்தகையதே. வயிற்றுச் சுவர் தசைகளாலும் உறுதியான சவ்வுகளாலும் ஆனது. தொடை இடுக்கு, தொப்புள், பழைய அறுவைத் தழும்பு ஆகியவை அச்சுவரில் வலுக்குறைந்த இடங்கள். பாரம் தூக்குதல், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், முதியவர்கள் சிறுநீர் கழிக்க முக்குதல், உடற்பருமன், கர்ப்பம் ஆகியவற்றால் வயிற்றுக்குள் அழுத்தம் மிகும்போது அந்த இடம் விலகிக்கொடுக்கிறது. அதன் வழியே கொழுப்போ குடலோ வெளியே தள்ளுகிறது. நின்றாலும் இருமினாலும் வீக்கம் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும்.

படுத்தால் போய்விடுகிறதே என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. ஒருநாள் அது உள்ளே போகாமல் சிக்கிக்கொள்ளக்கூடும். அப்போது குடலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் நெரிபட்டு, சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கலாம். வீக்கம் கல்போல் கெட்டியாகி உள்ளே செல்ல மறுத்தால், கடும் வலியோடு வாந்தி எடுத்தால், மலமும் காற்றும் பிரியாமல் நின்றால், வீக்கத்தின்மேல் தோல் சிவந்தால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. அந்த இரவிலேயே பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வீட்டில் அழுத்தித் தள்ளிப் பார்ப்பதும், எண்ணெய் தடவி நீவுவதும் ஆபத்தானவை. கடைகளில் விற்கும் இடுப்புப் பட்டை வீக்கத்தை அழுத்தி வைக்குமேயன்றி, துளையை அடைக்காது.

தையலிலிருந்து வலைக்கு

இந்நோய்க்கு முறையான அறுவை சிகிச்சையை வகுத்தவர் இத்தாலியரான எதுவார்தோ பசீனி. அவர் இளம் வயதில், 1867ஆம் ஆண்டு, உரோமை நகருக்கு அருகே திருத்தந்தையின் படையை எதிர்த்துப் போரிட்டபோது தொடை இடுக்கில் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துண்டவர். தாம் காயம்பட்ட அதே பகுதியின் அமைப்பைப் பின்னாளில் நுணுகி ஆராய்ந்து, 1884 முதல் பதுவை நகரில் புதிய முறையில் தசைகளை இழுத்துத் தைத்துக் குடலிறக்கத்தைச் சீராக்கினார். ஆனால் இழுத்துத் தைத்த தசை நாளடைவில் மீண்டும் விலகுவதுண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் அஷர், செயற்கை இழையால் பின்னிய வலையை வைத்துத் தைத்தார். வலையின் கண்களினூடே உடலின் திசு வளர்ந்து, சுவர் உறுதிப்பட்டது.

பிறகு வந்தது லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை முறை. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே சிறு துளைகளின் வழியே பித்தப்பையை அகற்றினார். நம் நாட்டில் 1990இல் மும்பையில் டாக்டர் தெகம்டன் உத்வாடியா அதே சிகிச்சையைச் செய்துகாட்டினார். 1993இல் அமெரிக்க மருத்துவர் கார்ல் லெபிளாங்க், வயிற்றின் முன்சுவரில் தோன்றும் குடலிறக்கத்தை இம்முறையில் சீராக்கிய செய்தியை வெளியிட்டார்.

இவ்வரலாற்றில் நம் கோவைக்கும் இடமுண்டு. காந்திபுரத்திலிருந்து சிறிது தொலைவில், இராமநாதபுரத்தில் உள்ள ஜெம் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் சி. பழனிவேலு, இளமையில் மலேசியத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, பின்னர் நாடு திரும்பிப் படித்து மருத்துவரானவர். நுண்துளை அறுவையை இந்தியாவில் வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர். பழைய தழும்பில் எழும் குடலிறக்கத்தில், துளையின்மேல் வலையைப் போர்த்துவதோடு நின்றுவிடாமல், முதலில் துளையை உள்ளிருந்தே தைத்து மூடி, அதன்பின் வலையால் வலுவூட்டும் முறையை அவரும் அவருடைய குழுவினரும் 2007ஆம் ஆண்டு பன்னாட்டு மருத்துவ இதழொன்றில் விளக்கினர். சுமை சுமந்த கைகளை நன்கறிந்த ஒருவர், சுமை சுமப்போரின் நோய்க்கு மருந்து தேடினார் என்பது நமக்கு நிறைவளிக்கும் செய்தியன்றோ!

எப்படிச் செய்கிறார்கள்?

சைக்கிள் கடைக்காரர் நைந்த டயருக்கு வெளியே துண்டு ஒட்டுவதில்லை, உட்புறத்தில்தான் வைப்பார். உள்ளே காற்று அழுத்த அழுத்த, துண்டு டயரோடு மேலும் பொருந்தி நிற்கும். நுண்துளை முறையின் தத்துவமும் இதுவே. நோயாளிக்கு முழு மயக்கம் தருகிறார்கள். கரியமில வாயுவைச் செலுத்தி, கருவிகள் இயங்க இடம் உண்டாக்குகிறார்கள். பெரும்பாலும் மூன்று துளைகள். ஒவ்வொன்றும் சுமார் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவே. ஒன்றின் வழியே கேமரா செல்லும். மற்றவற்றின் வழியே நீண்ட மெல்லிய கருவிகள் செல்லும். திரையைப் பார்த்தபடி மருத்துவர் குடலை உள்ளே இழுத்து, துளையைவிட நன்கு அகன்ற வலையை உட்புறத்தில் விரிக்கிறார். தொடை இடுக்குக் குடலிறக்கத்திற்கு வைக்கும் வலை பொதுவாக 10 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உடையது. குடலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய வலையானால், குடல் ஒட்டாதபடி ஒரு பக்கம் தனிப்பூச்சு இருக்கும்.

பெரிய கீறல் இல்லாததால் வலி குறைவு. காயத்தில் சீழ் பிடிப்பதும் குறைவு. பலர் ஓரிரு நாட்களில் வீடு திரும்புகிறார்கள். எனினும் பாரம் தூக்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும், வீட்டார் அவசரப்படுத்தலாகாது.

நுண்துளை என்றாலே எல்லார்க்கும் சிறந்தது என்று எண்ணிவிடவும் வேண்டாம். அமெரிக்காவின் முன்னாள் இராணுவத்தினர் மருத்துவமனைகளில் நடந்து, 2004இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இரண்டாண்டுகளுக்குள் நோய் திரும்பியவர்கள் நுண்துளை முறையில் 100க்குச் சுமார் 10 பேர். திறந்த முறையில் சுமார் 5 பேர். ஆனால் 250க்கு மேற்பட்ட சிகிச்சைகள் செய்து பழகிய மருத்துவர்களிடம் அந்த வேறுபாடு மறைந்தது. கருவியைவிடப் பழகிய கை பெரிது! ஆகவே, "இந்தச் சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று மருத்துவரிடம் பணிவோடு கேட்பதில் தவறில்லை. இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்களுக்கு, முழு மயக்கமின்றி அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து நடத்தும் திறந்த அறுவையே ஏற்றது. தொல்லை தராத சிறு குடலிறக்கம் உள்ள ஆண்களை, மருத்துவரின் கண்காணிப்பில் வைத்துச் சில காலம் பார்ப்பதும் உண்டு. பெண்களுக்குத் தொடை இடுக்கில் தோன்றினால், சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதியாதலால் தாமதம் கூடாது.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சிளங்குழந்தையின் தொப்புள் பிதுக்கம் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிவிடும். அதன்மேல் காசு வைத்துக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் தொடை இடுக்கில் வீக்கம் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏழைக்கும் எட்டுமா?

மகாராட்டிர மாநிலத்தின் தொண்டைச்சா என்னும் சிற்றூரில் பணிபுரிந்த டாக்டர் இரவீந்திரநாத் டோங்கோன்கர், விலைமிக்க வலைக்கு மாற்றாகத் தூய்மைப்படுத்திய கொசுவலைத் துணியைத் திறந்த அறுவையில் பயன்படுத்தி, அதன் பயனை 2003இல் வெளியிட்டார். உகாண்டாவில் இத்தகைய மலிவு வலையை விலையுயர்ந்த வலையோடு ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது; ஓராண்டில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நூலும் நெசவும் அறிந்த கொங்கு மக்களாகிய நமக்கு இச்செய்தி இனிக்கிறது. நம் ஊர் ஏழைகளுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கதவு திறந்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், தமக்குரிய சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையிலேயே கேட்டறியலாம்.

ஒளித்தவரும் உரைத்தவரும்

குடலிறக்க நோயாளர்க்குத் திருச்சபையில் ஒரு பாதுகாவலர் உண்டு என்பதைப் பலர் அறியார். அவர் பியாசென்சா நகரப் புனித கொன்ராடு. பிரபுக் குலத்தவராகிய அவர், வேட்டையின்போது புதருக்குத் தீ வைக்கச் சொன்னார். தீ பரவி வயல்களை அழித்தது. அவர் அஞ்சி ஒளிந்தார். குற்றமற்ற ஓர் ஏழை பிடிபட்டு மரண தண்டனைக்கு உள்ளானபோது, கொன்ராடு முன்வந்து உண்மையை உரைத்தார். சொத்தையெல்லாம் இழந்து ஈடு செய்தார். பின் பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்து, சிசிலித் தீவில் தவ வாழ்வு வாழ்ந்து, 1351இல் இறைவனடி சேர்ந்தார். அவரது திருநாள் பெப்ருவரி 19.

ஒளிந்திருந்தவரை உயர்த்தியது, அவர் வாய் திறந்து சொன்ன உண்மையே. நம் வீட்டுப் பெரியவர் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பாரானால், அவர் வாய் திறக்க நாம் இடம் தருவோம். மனைவியர் கணவரிடமும், மக்கள் தந்தையிடமும், மருமகள்கள் மாமியாரிடமும் இன்று இரவே கேட்கட்டும். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் தாம் சந்திக்கும் கூலித் தொழிலாளரிடம் கேட்கட்டும். நல்ல சமாரியர் காயம் கண்டு விலகிப் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்த காயத்தை அன்போடு விசாரிப்பதும் அவர் வழியில் நடப்பதேயாம்.