யாருக்கு எந்தப் பங்கு?

பல்கலைக்கழக இடங்கள் சில; கேட்போர் பலர். யாருக்குக் கொடுப்பது? சிறந்த குழல் சிறந்த வாசிப்பாளனுக்கே என்றார் அரிஸ்டோட்டில். எங்கே பிறப்போம் என்று அறியாத நிலையில் எல்லோரும் ஒப்பும் விதியே நீதி என்றார் 1971இல் 'நீதிக் கோட்பாடு' எழுதிய ஜோன் றோல்ஸ்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் வந்த தரப்படுத்தல், தமிழ்மொழி மூலம் எழுதியவரிடம் கூடிய புள்ளி கேட்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் திறமைக்கு. 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு. 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் திருகோணமலையும் அவற்றுள் ஒன்று.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் ஒப்பேன். மொழியைப் பார்த்துத் தடுத்தது அநீதி. வசதி குன்றிய ஊரைப் பார்த்துக் கொடுப்பது நீதி. ஆனால் நகரத்துப் பிள்ளைக்கும் ஈச்சிலம்பற்றுப் பிள்ளைக்கும் மாவட்டக் கணக்கு ஒன்றே. அங்கேதான் பங்கீடு இன்னும் முடியவில்லை.