வகுப்புக்கு முந்தின ராத்திரி: லேபிளா, டெக்ஸ்டா?

ஹெப்பாள் என்று சொன்னதும் முதலில் ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெங்களூரில் மேம்பாலமும் நெரிசலுமாக ஒரு ஹெப்பாள் இருக்கிறதே, அது இல்லை. இது மைசூரு ஹெப்பாள். தொழிற்பேட்டை, ஏரி, அப்புறம் இன்ஃபோசிஸின் பயிற்சி வளாகம். 300 ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடக்கும் அந்த வளாகத்தில், பெரிய பெரிய தூண்களோடு நிற்கிற இரண்டாவது கல்வி மையத்தை 2009 செப்டம்பரில் சோனியா காந்தி திறந்து வைத்தார். மெக்கானிக்கல், சிவில் படித்த பிள்ளைகள்கூட காவேரி எக்ஸ்பிரஸில் பெட்டியோடு வந்து இறங்கி, சில மாதங்களில் புரோகிராம் எழுதுகிறவர்களாகத் திரும்புவது இந்த ஊரில் தினசரி நடக்கிற காரியம்.

அந்தப் பெரிய வாசலுக்கு உள்ளே நடக்கும் பாடங்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் உங்களைக் கூட்டிப்போவது அதே ஹெப்பாளில் ஒரு மாடி அறைக்கு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, வாத்தியார் நான்தான். எதிரே உட்காருகிறவர்களில் பாதி தமிழ், பாதி கன்னடம். இன்றைக்குச் சனிக்கிழமை ராத்திரி. நாளைக்குப் பாடம், முதல் விண்டோ!

இதுவரை பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் பிரின்ட். எழுதினால் கறுப்புத் திரையில் வரி வரியாக வந்து விழும். நாளைக்கு முதன்முறையாக ஒரு பட்டனை அழுத்தப் போகிறார்கள், பதில் எங்கேயோ தெரிய வேண்டும். அந்த ‘எங்கேயோ’தான் இப்போது என் தலைவலி. பைத்தானோடு இலவசமாக வரும் டிகே-இன்டரில் எழுத்தைக் காட்ட லேபிள் இருக்கிறது, மெசேஜ் இருக்கிறது, என்ட்ரி இருக்கிறது, டெக்ஸ்ட் இருக்கிறது, மெசேஜ்பாக்ஸ் வேறு. ஒவ்வொன்றையும் கூப்பிட்டு ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லிப் பார்க்கப் போகிறேன். வாருங்கள், ஓரமாக உட்காருங்கள். சத்தம் போடாதீர்கள், கீழே வீட்டுக்காரர் தூங்குகிறார்.

முதலில் மெசேஜ்பாக்ஸ். இதைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குக் குதூகலம். திடீரென்று ஒரு குட்டிப் பெட்டி எம்பி வந்து, ‘ஓகே’ சொல்லு என்று நிற்கும். ஆனால் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால்? ‘7 × 1 = 7’. ஓகே. ‘7 × 2 = 14’. ஓகே. பதினாறு வரிக்கும் பதினாறு ஓகே. கல்யாண வீட்டு வாசலில் வணக்கம் சொல்லிச் சொல்லிக் கை ஓய்ந்த மாமா மாதிரி ஆகிவிடுவான் பையன். அடுத்தது!

என்ட்ரி. ஒற்றை வரிக் கட்டம். வாங்குவதற்கென்றே பிறந்தது, கொடுப்பதற்கு அல்ல. பதிலை இதில் காட்டினால், பார்க்கிறவர் அங்கே கர்சரை வைத்துத் தட்ட ஆரம்பித்துவிடுவார். ‘56’ என்கிற பதில் ‘56அஅஅஅ’ ஆகும். படிக்க மட்டும் என்று பூட்டிவைக்க வசதி உண்டு. ஆனால் முதல் நாளே ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு உடனே பூட்டுகிற பாடம் எதற்கு? பள்ளியில் சிபிஎஸ்இ இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸை ஜாவா, நெட்பீன்ஸ் காலத்தில் படித்தவர்கள் என் வகுப்பில் அவ்வப்போது வருவார்கள். கேள்விக்கும் ஜேடெக்ஸ்ட்ஃபீல்டு, பதிலுக்கும் ஜேடெக்ஸ்ட்ஃபீல்டு என்று கை பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை உடைக்கவே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது லேபிள். எனக்குப் பிடித்த பிள்ளை என்பதை மறைக்க மாட்டேன். ஒரு வரியில் பிறந்துவிடும். டெக்ஸ்ட் என்பதற்கு நேரே எதைக் கொடுத்தாலும் காட்டும். வரி முறிவு கொடுத்தால் சமர்த்தாக அடுத்த வரிக்குப் போகும். இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது, கிட்டத்தில் வந்து பாருங்கள். லேபிளை உருவாக்கும் அதே வரியின் வாலிலேயே, அதை விண்டோவில் பொருத்துகிற ‘பேக்’கையும் ஒட்டி எழுதி, எல்லாவற்றையும் ஒரு பெயரில் சேமித்துவிடுவார்கள் பிள்ளைகள். பேக் எதையும் திருப்பித் தராது. ஆகவே அந்தப் பெயரில் இருப்பது லேபிள் அல்ல, வெறும் ‘நன்’. திரையில் லேபிள் அழகாக நிற்கும். பட்டனை அழுத்தி எழுத்தை மாற்றப் போனால் மட்டும் சிவப்பு எழுத்தில் எரர் கொட்டும். எனக்கு இந்த எரர் ரொம்பப் பிடிக்கும். சத்தமாகக் கத்துகிற தப்பு. எந்த வரியில் என்று விரல் நீட்டிச் சொல்லும். வாத்தியாருக்கு வேலை மிச்சம்.

வாய்ப்பாட்டை லேபிளில் ஊற்றியதும் ஒரு கூத்து. இரண்டாவது வரியிலிருந்து ஒன்பதாவது வரி வரை சீராக நிற்பது போல இருக்கும், ‘7 × 10 = 70’ வந்ததும் இடுப்பு வளையும். பல வரி எழுத்தை லேபிள் தானாகவே நடுவில் வைக்கும். வரி நீண்டால் இரண்டு பக்கமும் பிதுங்கும். இடது பக்கம் ஒட்டு என்று ஜஸ்டிஃபையில் சொல்லி, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள ஃபான்ட்டைக் கொடுத்தால் வாய்ப்பாடு அட்டை போல நிமிர்ந்து நிற்கும்.

அகலத்தைக் கொடுக்கும் இடம் இதைவிட வேடிக்கை. லேபிளுக்கு அகலம் 10 என்றால் 10 என்ன? பிக்சலா, எழுத்தா? எழுத்துதான். ஆனால் எந்த எழுத்து? சுழியம்! ஒரு ‘0’ எவ்வளவு இடம் எடுக்குமோ அதன் பத்து மடங்கு. ‘0’வின் அளவில் தைத்த சட்டையில் நம் ‘ணை’யும் ‘ஔ’வும் எப்படி நுழையும்? ஸ்ரீரங்கநாயகி என்று பெயர் கொடுத்துப் பாருங்கள். எழுத்து நடுவில் நிற்பதால் தலையும் போகும், வாலும் போகும். நடுவில் ரங்கன் மட்டும் மிஞ்சுவார். இத்தோடு விட்டதா? அதே லேபிளில் எழுத்துக்குப் பதில் ஒரு படத்தை வைத்தால், அதே 10 இப்போது பிக்சல் ஆகிவிடும். படம் எறும்பு அளவுக்குச் சுருங்காது, எறும்பு அளவு ஓட்டை வழியாகத் தெரியும். முதல் நாளில் அகலத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாயிற்று.

மெசேஜ் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. லேபிளின் தம்பி. நீளமான பத்தியைத் தானே மடித்துக்கொள்ளும். எங்கே மடிக்க வேண்டும் என்பதை அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்து முடிவு செய்யும். தானாக வரும் விகிதம் 150, அதாவது அகலம் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. எந்தப் பயனாளி ‘என் பத்தி ஒன்றரை மடங்கு அகலமாக வேண்டும்’ என்று கேட்டார்? லேபிளிலேயே ‘ராப்லெங்த்’ கொடுத்தால் மடிப்பு நடந்துவிடும். தம்பிக்கு வாய்ப்பில்லை, பாவம்.

டெக்ஸ்ட் விட்ஜெட் (விண்டோவில் வைக்கிற ஒவ்வொரு உறுப்பும் ஒரு விட்ஜெட்தான்) உள்ளே நுழையும்போதே ஒரு மிடுக்கு. பல வரி, பல நிறம், நடுவில் படம், தேடுதல், செய்ததை மாற்றுதல் என்று சின்ன வேர்டு புராசசரே இது. ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே-யிலிருந்து பைத்தானுக்கு வந்தது. இதில் இடம் சொல்கிற முறையைக் கேளுங்கள். முதல் வரியின் முதல் எழுத்து ‘1.0’. வரியை ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், எழுத்தைச் சுழியத்திலிருந்து. பைத்தானில் எல்லாமே சுழியத்தில் தொடங்கும் என்று நான்கு வாரம் தொண்டை கிழியக் கத்திய வாத்தியார் கதி என்ன? அதோடு இது தசம எண்ணும் அல்ல. ‘1.10’ என்றால் முதல் வரியில் பதினோராவது எழுத்து, ‘1.1’ வேறு இடம். மெக்கானிக்கல் படித்த பிள்ளைகள் இங்கே சண்டைக்கு வருவார்கள், நியாயமான சண்டை. முழுவதையும் எடு என்று கேட்டால் கடைசியில் நாம் போடாத ஒரு வரி முறிவையும் சேர்த்துக் கொடுக்கும். கொசுறு.

இதெல்லாம் பரவாயில்லை. டெக்ஸ்டிடம் எனக்குள்ள ஒரே உண்மையான மனத்தாங்கல் வேறு. பயனாளி தட்டி அழிக்காமல் இருக்க டெக்ஸ்டை ‘டிசேபிள்டு’ ஆக்குகிறோம், இல்லையா? அப்படி ஆக்கினால் பயனாளியின் கையை மட்டுமல்ல, நம் புரோகிராமின் கையையும் சேர்த்துக் கட்டிவிடும். இன்சர்ட் என்று எழுதியிருப்போம். பட்டனை அழுத்தினால் எதுவும் வராது. எரரும் வராது! மௌனம். பையன் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவான், பட்டன் கெட்டுவிட்டது என்பான், கணினியை மாற்றிக்கொண்டு உட்காருவான். தீர்வு எளிது: ‘நார்மல்’ ஆக்கு, எழுது, மறுபடி ‘டிசேபிள்டு’ ஆக்கு. கற்றுக்கொள்கிற ஆளுக்குக் கத்துகிற தப்பைக் கொடுக்கலாம், ஊமைத் தப்பை முதல் நாளில் கொடுக்கக் கூடாது. நான் விட்ஜெட் தேர்ந்தெடுக்கும் முறையே மொத்தத்தில் இவ்வளவுதான்.

ஜாவாக்காரர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஸ்விங்கில் ஜேடெக்ஸ்ட்ஏரியாவுக்கு ‘எடிட்டபிள் இல்லை’ என்று சொன்னால் பயனாளிக்கு மட்டும்தான் தடை. புரோகிராம் தாராளமாக எழுதலாம். நல்ல மனசு. ஆனால் அவர்கள் லேபிளுக்கு வரி முறிவு என்றால் என்னவென்றே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே வரியில் நீட்டி வைக்கும். அடுத்த வரி வேண்டுமா? எழுத்தின் தொடக்கத்தில் ஹெச்டிஎம்எல் குறியைப் போட்டால் ஜேலேபிள் உடனே வலைப்பக்கமாக வேஷம் மாற்றிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் இன்னும் ஒரு ரகசியம் இருக்கிறது. அங்கே எழுத்தைக் காட்டுவது டெக்ஸ்ட்வியூ. எழுத்தை வாங்கும் எடிட்டெக்ஸ்ட் அதன் பிள்ளை. பட்டனும் அதன் பிள்ளை. செக்பாக்ஸ் பேரன் வழி. நாம் கையிலேயே வைத்திருக்கும் போனில் அழுத்துகிற பட்டன்களில் பல, உள்ளே ஒரு டெக்ஸ்ட்வியூதான்!

சரி, லேபிளும் டெக்ஸ்டும் மட்டும் களத்தில் நிற்கின்றன. கடைசிச் சோதனையாக ராக்கெட் கவுன்ட்டவுன். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கிச் சுழியம். பிள்ளைகள் கட்டாயம் எழுதப் போவது ஒரு ஃபார் லூப், உள்ளே ஒரு நொடி தூங்கு. லேபிளில் ஓட்டுகிறேன். விண்டோ உறைந்து நிற்கிறது… நிற்கிறது… பதினொரு நொடி கழித்து ‘0’. அவ்வளவுதான். ஒன்பதும் எட்டும் ஏழும் எங்கே போயின? டெக்ஸ்டில் ஓட்டுகிறேன். அதே உறைவு, ஆனால் கடைசியில் பத்து முதல் சுழியம் வரை பதினொரு எண்களும் ஒரே மூச்சில் கொட்டுகின்றன.

என்ன நடக்கிறதென்றால், பட்டனுக்கான வேலையைப் பார்ப்பதும் திரையில் வரைவதும் ஒரே ஆள்தான். அந்த ஆளைத் தூங்கு என்று நாமே சொல்லிவிட்டால் வரைவது யார்? தூக்கத்துக்குப் பதிலாக ‘ஆஃப்டர்’ என்று 1000 மில்லி நொடி கொடுத்து, அப்புறம் கூப்பிடு என்று சொல்லிவிட்டால் ராக்கெட் ஒழுங்காகக் கிளம்பும். ஆனால் என்னைக் குதிக்க வைத்தது வேறு. ஒரே தப்பு, இரண்டு விட்ஜெட்டில் இரண்டு விதமாகத் தெரிகிறது. லேபிள் பழையதை அழித்துப் புதியதை வைக்கும். டெக்ஸ்ட் பழையதன் அடியில் புதியதைச் சேர்க்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால், நான் வாய் திறக்காமலே பிள்ளைகள் கேட்பார்கள், ஏன் சார் அங்கே ஒன்று, இங்கே பதினொன்று? பிரின்ட்டுக்குப் பழகினவர்கள் மனசில் இருப்பது சேர்க்கிற ஆசைதான். லேபிள் அதை ஏமாற்றும். அந்த ஏமாற்றம் நாளைக்கு எனக்கு வேண்டும்.

நடுவில் நம் எழுத்துகளின் கதையையும் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் மைசூரில் வகுப்பெடுத்துப் பயனில்லை. பிள்ளைகள் முதலில் தட்டுவது தங்கள் பெயரைத்தான், அதுவும் தாய்மொழியில். விண்டோஸில் தமிழும் கன்னடமும் நன்றாகவே வரும். லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்று மூலையில் இருக்கிறது. அதில் டிகே ‘கொ’வைப் பிடித்து உலுக்கிவிடும். கொம்பு க-வுக்கு முன்னால் வந்து நிற்காது, ஏனென்றால் எழுத்துகளை இடம் மாற்றி அடுக்குகிற வேலையை அங்கே டிகே செய்வதில்லை. கன்னடத்தின் பாடு இன்னும் மோசம். அவர்களுடைய ஒத்தெழுத்து அடியில் போய் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் பக்கத்தில் வரிசையாக நிற்கும். லேபிள், டெக்ஸ்ட் இரண்டிலும் இதே கதிதான் என்பதால் போட்டியில் யாருக்கும் மதிப்பெண் கிடையாது. ஆனால் தமிழ் என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் மூன்று என்று சொல்லாது, ஐந்து என்னும். இகரக் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி ஆசாமிகள். டெக்ஸ்டில் ‘1.3’ என்று இடம் சொன்னால் அது எந்த எழுத்து என்று தமிழ்ப் பிள்ளைகள் தலையைச் சொறிவார்கள். மூலைக் கணினியை நாளைக்கு அணைத்தே வைக்கிறேன்.

ஆக, பட்டியல் ரெடி. முதல் பாதி முழுக்க லேபிள்: வணக்கம், பெயர், ஒற்றைப் பதில். பிறகு கவுன்ட்டவுன், அந்தக் காணாமல் போன பத்து எண்கள், கூச்சல். அப்புறம்தான் டெக்ஸ்ட், அதுவும் பூட்டாமல். யாராவது உள்ளே தட்டி வாய்ப்பாட்டைக் கலைத்தால் கலைக்கட்டும். பூட்ட வேண்டும் என்று அவர்களே கேட்கிற வரை பூட்டை நான் எடுக்கப் போவதில்லை. ஸ்க்ரோல்பார் அடுத்த வாரம்.

ஒரே ஒரு பயம். முதல் அரை மணியிலேயே யாராவது வாய்ப்பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப, லேபிளில் இருப்பதை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து காப்பி பண்ணப் பார்ப்பார்கள். லேபிளில் அது நடக்காது, டெக்ஸ்டில்தான் நடக்கும். அந்தக் கேள்வி சீக்கிரமே வந்துவிட்டால் என் பட்டியல் முழுவதும் தலைகீழ்.