தோள் வலிக்குத் திரை வழியே சிகிச்சை: ஒஸ்லோ மருத்துவமனைகள் கண்டறிந்தது என்ன?

மூன்று மாதத்தைத் தாண்டிய தோள் வலி நாள்பட்ட வலியாகக் கொள்ளப்படுகிறது. மேல் தட்டில் இருக்கும் மிளகாய்த்தூள் போத்தலை எட்டி எடுக்க முடியாது. வலிக்கிற பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. குளிர்கால மேலங்கிக்குள் கையை நுழைக்கும்போது உயிர் போய் வரும். கையைத் தோளுக்கு மேல் தூக்கியபடி நாள் முழுவதும் செய்யும் வேலை இந்த வலிக்கு ஒரு காரணம். நோர்வேக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழர் பலருக்கு வாய்த்த துப்புரவுப் பணி, உணவகச் சமையல், முதியோர் பராமரிப்பு, மீன் தொழிற்சாலை வேலை எல்லாம் தோளைப் பிழிந்தெடுப்பவையே.

தோள்மூட்டில் மேற்கை எலும்பின் உருண்டையான தலை ஆழமில்லாத ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. அது வழுக்கிவிடாமல் நான்கு தசைகளின் நாண்கள் சுற்றி இழுத்துப் பிடிக்கின்றன. கை எல்லாத் திசையிலும் சுழல்வது இந்த அமைப்பால்தான். எளிதில் நோவு காண்பதும் இதனால்தான். தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறினாலோ, நெடுநாள் அசையாமல் இருந்து தசை தளர்ந்தாலோ அந்த நாண்கள் வலிக்கத் தொடங்கும். மேலே இருக்கும் எலும்பு முனை நாண்களை உரசுவதே காரணம் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அந்த எலும்பைச் செதுக்கிவிடும் அறுவை சிகிச்சை உலகெங்கும் பெருகியதும் அந்த நம்பிக்கையால்தான்.

இந்த நம்பிக்கையை முதலில் சோதித்துப் பார்த்த நகரங்களில் ஒஸ்லோ முன்னால் நிற்கிறது. யென்ஸ் இவார் புரொக்ஸ் தலைமையிலான குழு 125 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது. 45 பேருக்கு அறுவை சிகிச்சை. 50 பேருக்குப் பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் உடற்பயிற்சி. 30 பேருக்குக் கதிர் எதுவும் வராத வெறும் லேசர் கருவி. 1993-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவு வெளியானது. அறுவை சிகிச்சை பெற்றவர்களும் பயிற்சி செய்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேறினார்கள். வெறும் லேசர் பெற்றவர்கள் பின்தங்கினார்கள். பயிற்சியில் பளுதூக்கல் எதுவும் இல்லை. கூரையில் தொங்கும் பட்டையில் கையை மாட்டி, கையின் எடையே தோளில் ஏறாதபடி செய்து, தளர்வாகத் திரும்பத் திரும்ப அசைப்பதே தொடக்கம். வலி அடங்க அடங்கச் சுமை கூடியது. மூன்று முதல் ஆறு மாதம் வரை இது நடந்தது, பெரும்பகுதி வீட்டில்.

அதே நகரத்தின் உல்லேவோல் மருத்துவமனையில் 104 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான இன்னோர் ஆய்வு, அதிர்வலைக் கருவியையும் பயிற்சியையும் ஒப்பிட்டது. 18 வாரத்தின் முடிவில் பயிற்சி செய்தவர்களில் 64 விழுக்காட்டினரும், அதிர்வலை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தனர். பின்னர் பிரித்தானியாவிலும் பின்லாந்திலும் எலும்புச் செதுக்கல், எலும்பைத் தொடாமல் விடும் போலி அறுவையோடு ஒப்பிடப்பட்டது. இரண்டு ஆய்வும் 2018-இல் வெளியாயின. செதுக்கியதால் பொருட்படுத்தத்தக்க கூடுதல் நன்மை எதுவும் இல்லை. அடுத்த ஆண்டே இந்த வகை வலிக்கு அந்த அறுவை வேண்டாம் என்று பிரித்தானிய மருத்துவ இதழ் அழுத்தமான பரிந்துரை வெளியிட்டது.

எல்லா அறுவை சிகிச்சையும் வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஒஸ்லோவை ஒட்டிய பேரும் பகுதியில் உள்ள மார்ட்டினா ஹான்சன் மருத்துவமனை, நாண் முழுதாகக் கிழிந்த 103 பேரைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. கிழிசலைத் தைத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். ஆகவே எந்தத் தோளுக்கு என்ன கோளாறு என்று முதலில் பிரித்தறிவதுதான் சிகிச்சையின் பாதி.

பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில் நடக்கிறது என்றால், நோயாளி எத்தனை முறை நேரில் வர வேண்டும்? பிரித்தானியாவில் 708 பேரிடம் நடந்து 2021-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஆறு அமர்வு வரை பிசியோதெரபிஸ்டிடம் சென்றவர்களும், ஒரே ஒரு நல்ல ஆலோசனையோடு கையேடும் காணொளிகளும் பெற்று வீட்டில் பயிற்சி செய்தவர்களும் ஓராண்டில் ஒரே நிலையில் இருந்தார்கள். அடிக்கடி போய் வருவதில் மாயம் ஏதும் இல்லை. முதல் சோதனை சரியாக அமைய வேண்டும். தடங்கல் வரும்போது கேட்க ஆள் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் திரை வழியே தர முடிகிறது என்பதே இணைய வழிச் சிகிச்சைக்கான வலுவான வாதம்.

நோர்வேயில் 2018 ஜனவரி 1 முதல் பிசியோதெரபிஸ்டிடம் செல்ல மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. 2020 மார்ச் 12 அன்று கொரோனா காரணமாகப் பிசியோதெரபி நிலையங்கள் மூடப்பட்டபோது காணொளி வழி ஆலோசனை அவசரத் தேவையாகிவிட்டது. நிலையங்கள் ஏப்ரலில் மீண்டும் திறந்தன. ஆனால் அந்தச் சில வாரங்களில் பழகிய முறை மறையவில்லை.

காணொளிச் சோதனை நடக்கும் விதம் எளிது. கைபேசியை இடுப்பு உயரத்தில் சாய்த்து வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி, தோள் தெரியும்படி நிற்க வேண்டும். முதலில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தச் சொல்வார்கள். பாதி உயரத்தில் வலித்து மேலே போனதும் வலி குறைந்தால் நாண் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த சோதனைக்கு வீட்டுக் குடை போதும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, குடையை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்து, நல்ல கையால் நோவுள்ள கையை வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். தானாகத் திரும்ப மறுக்கும் கை தள்ளினாலும் திரும்பாமல் பாதியிலேயே பூட்டிக்கொண்டால், அது மூட்டுறை சுருங்கி இறுகிய தோளாக இருக்கலாம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரிடம், அதிலும் பெண்களிடம், இது கூடுதலாகக் காணப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஒஸ்லோவில் 2002-இல் ஐந்து நாட்டுக் குடியேறியோரிடம் நடந்த உடல்நல ஆய்வில் பாகிஸ்தானியரிடமும் இலங்கையரிடமும் நீரிழிவு மிகுதியாகக் காணப்பட்டது. அதனால் தோள் இறுகிய தமிழருக்கு இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாக வேண்டும்.

ஆளுக்கேற்ற திட்டம் என்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மேசையில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் கையை வைத்து முன்னே நகர்த்துவது, கூரைப் பட்டைக்கு மாற்றாக வீட்டிலேயே செய்யக்கூடியது. வலி தணிந்தவருக்கு, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துவாலையை இடுக்கி, கதவுக் கைப்பிடியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுக்கும் பயிற்சி. பிறகு அரை லிட்டர் தண்ணீர் போத்தல், அதன் பிறகு ஒரு லிட்டர். பயிற்சியின்போது ஓரளவு வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அதே சுமையைத் தொடரலாம், அடங்காவிட்டால் குறைக்க வேண்டும். உணவகத்தில் தலைக்கு மேல் பாத்திரம் அடுக்குபவருக்கும், நாள் முழுவதும் கணினி முன் இருப்பவருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுப்பது சிகிச்சையாகாது.

செயலிகளே திட்டம் வகுப்பதும் நடக்கிறது. துரோண்ட்ஹைமில் உள்ள நோர்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முன்னின்று உருவாக்கிய செல்ஃப்பேக் செயலி, முதுகு வலி உள்ளவர்களுக்கு வாராவாரம் திட்டத்தை மாற்றித் தருவது. நோர்வேயிலும் டென்மார்க்கிலும் 461 பேரிடம் சோதித்து 2021-இல் வெளியான முடிவு, பயன் உண்டு, ஆனால் சிறிது என்றது. தோளைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 82 பேரிடம் நடந்து 2023-இல் வந்த ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் தொலைவிலிருந்து கவனித்த டிஜிட்டல் பயிற்சியும் நேரடிச் சிகிச்சையும் எட்டு வாரத்தில் ஒரே பலனைத் தந்தன. அந்தச் சேவையை நடத்தும் நிறுவனத்தின் ஊழியர்களும் ஆய்வுக்குழுவில் இருந்ததால் முடிவைச் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கணினி நிரல் மட்டும் இருப்பதைவிட, அதன் பின்னால் பதில் சொல்லும் ஒரு மனிதர் இருக்கும் சேவையே நம்பத் தகுந்தது.

செலவில் ஒரு நுட்பம் உண்டு. நகராட்சியோடு ஒப்பந்தம் உள்ள பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுக்கும் பங்குத் தொகை, ஆண்டு உச்சவரம்பில் சேரும். அந்த வரம்பு 3000 குரோனருக்கு மேல். அதற்கு மேல் நோயாளி கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தம் இல்லாத தனியார் நிலையத்துக்கும் செயலிக்கும் கட்டுவது இந்தக் கணக்கில் வராது. எனவே நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மொழியும் தடையாக வேண்டியதில்லை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி, தேவைப்படும் இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அரசு நிறுவனங்களின் கடமை. பிள்ளைகளை அந்த வேலைக்கு அமர்த்தக் கூடாது. அம்மாவின் தோள் வலியை எட்டாம் வகுப்பு மகள் நோர்வேஜியத்தில் விளக்க நேர்ந்த காலம் நீண்டது. "குத்துது", "உளையுது", "கடுக்குது" ஆகிய மூன்றும் மூன்று வேறு வலிகள். அந்த வேறுபாட்டைப் பெரியவர் ஒருவர் சரியாகக் கடத்தினால்தான் திட்டமும் சரியாக அமையும். காணொளி அமர்வில் மொழிபெயர்ப்பாளர் வேறு ஊரிலிருந்தும் இணையலாம்.

சில தோள் வலிகளைத் திரை முன் கொண்டுவரவே கூடாது. பனியில் வழுக்கி விழுந்த பின் கையைத் தூக்கவே முடியாவிட்டால் நேரில் சோதிக்க வேண்டும்; நாண் கிழிந்திருக்கலாம், எலும்பு முறிந்திருக்கலாம். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், எப்படிப் படுத்தாலும் தணியாத இரவு வலி இருந்தாலும், கை மரத்து வலுவிழந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவரின் வேலை நேரம் கடந்திருந்தால் அவசரச் சிகிச்சை நிலையத்தின் எண் 116117. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் ஆகியவற்றோடு தோளுக்கோ கைக்கோ வலி பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம்; உடனே 113-ஐ அழைக்க வேண்டும்.