கடலில் விழுந்த தூலங்கள்

புதுக்கோட்டையில் ராமேசுவரம் ரயிலில் ஏறியவர்கள் மண்டபம் தாண்டியதும் ஜன்னலோரம் வந்துவிடுகிறார்கள். இருபுறமும் கடல்! அந்தக் கடலுக்குமேல் ரயிலுக்கு முதலில் வழி போட்ட பழைய பாம்பன் பாலத்தின் கதை சுவையானது.

பெரிய பாலத்தையும் இரும்பால் கட்டலாம் என்று உலகுக்குக் காட்டியது இங்கிலாந்து. 1779-ல் செவர்ன் நதியின் குறுக்கே, மூன்றாம் ஆபிரகாம் டார்பி வார்த்துக் கொடுத்த இரும்பில் பாலம் எழுந்தது. 135 ஆண்டுகள் கழித்து, 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதற்குள் வார்ப்பிரும்பு போய் எஃகு வந்திருந்தது. மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட கண்கள். நீளம் இரண்டு கிலோ மீட்டருக்கும் அதிகம்.

ரயில் போகலாம், கப்பல் எப்படிப் போகும்? அதற்கு வழி கண்டவர் அமெரிக்க என்ஜினீயர் ஷெர்சர். நமது கிணற்று ஏற்றத்தில் பின்பக்கப் பளு சால் மேலே வரத் துணை செய்கிறதல்லவா? அதே தத்துவந்தான். நடுக்கண் இரண்டு பாதிகளாக இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் எதிர்ப்பளு. அடிப்பாகம் வளைந்திருப்பதால், ஆடும் நாற்காலிபோல் பின்னே உருண்டு, பாதை மேலே எழும். ஆட்கள் கைகளாலேயே நெம்பித் திறந்தார்கள்!

1964 டிசம்பர் 22 இரவு வந்தது கோரப் புயல். தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே சென்ற ரயிலைக் கடல் விழுங்கியது, பயணிகள் மாண்டனர். பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தூலங்கள் கடலில் விழுந்தன. ஷெர்சர் கண் மட்டும் அசையாமல் நின்றது.

செப்பனிட ஆறு மாதம் கெடு. பொறுப்பேற்றவர் 32 வயது என்ஜினீயர் ஈ. ஸ்ரீதரன். புதுத் தூலங்கள் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. மூழ்கிய தூலங்களைக் கடலுக்குள் தேடிக் கண்டு, தூக்கியெடுத்து, மீண்டும் தூண்களில் ஏற்றினார். நாற்பத்தாறே நாளில் வேலை முடிந்தது!

2022 டிசம்பருடன் அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதுப்பாலம் திறக்கப்பட்டது. இதில் நடுக்கண் இரண்டாகப் பிளப்பதில்லை, 72.5 மீட்டர் நீளமும் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. கை நெம்பிய இடத்தில் இப்போது மின்சாரம்.

உப்புக் காற்று இரும்பை அரித்துக்கொண்டேதான் இருக்கும். நூறாண்டுக்கு மேலாக அதைக் காத்து நிறுத்தியவை மனிதக் கைகளே. அடுத்த முறை பாம்பனைக் கடக்கையில், ராமநாதரை நினைத்துக் கும்பிடும்போது அந்தக் கைகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.