வீட்டு விளம்பரங்களுக்கு ஒரு வாயிற்காவலன்

மாதம் முடிய இன்னும் பத்து நாட்கள் இருக்கும்போதே டேட்டா தீர்ந்துவிட்டது என்ற முறைப்பாடு இன்று பல வீடுகளில் கேட்கின்றது. யார் பாவித்தது என்று பிள்ளைகளை விசாரிக்கும் பெற்றோர், எவரும் கேட்காமலே வந்திறங்கிய விளம்பரங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் நாம் வாசிக்க விரும்பிய நான்கு பந்திகளுடன், தானாக ஓடும் காணொளிகளும், நாம் எதைப் பார்க்கின்றோம் எனக் குறித்துக்கொள்ளும் நிரல்களும் சேர்ந்தே வருகின்றன. அவற்றுக்கும் நாமே பணம் செலுத்துகின்றோம்.

கணனியில் விளம்பரத் தடுப்பு மென்பொருளைப் போடலாம். ஆனால் ஸ்மார்ட் தொலைக்காட்சியில் அது இலகுவல்ல. பிள்ளைகளின் விளையாட்டுச் செயலிக்குள் வரும் விளம்பரங்களையும் ப்ரவுசரில் உள்ள தடுப்பு தொடாது. வீடு முழுவதற்கும் ஒரே இடத்தில் தடை போடுவதற்கென உருவானதே 'பை-ஹோல்' என்ற இலவச மென்பொருளாகும். விலைக்கு விற்கப்பட்ட 'அட்ட்ராப்' என்ற கருவிக்கு மாற்றாக 2014ஆம் ஆண்டு ஜேக்கப் சல்மெலா இதனை ஆரம்பித்தார்.

இது இயங்கும் முறை எளிமையானது. இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால், அதற்குரிய இலக்க முகவரியைத் தேடித் தரும் சேவைக்கு டி.என்.எஸ். என்று பெயர். தொலைபேசி இலக்கக் கைநூல் போன்றது எனலாம். வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களும் முகவரியை பை-ஹோலிடம் கேட்குமாறு செய்துவிட்டால், விளம்பர நிறுவனங்களின் பெயர்கள் வரும்போது அது வெற்று முகவரியைக் கொடுத்துவிடும். விளம்பரம் மறைக்கப்படுவதில்லை, தரவிறங்குவதே இல்லை.

இதற்குப் பெரிய கணனி தேவையில்லை. 'ரெஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ' என்ற விரலளவு கணனி 2021இல் 15 டொலருக்கு அறிமுகமானது. அதன் 512 எம்.பி. நினைவகமே போதும். மெமரி கார்டும் சார்ஜரும் தனியாக வாங்க வேண்டும். இறக்குமதிச் செலவும் சேரும். மின்சாரம் ஒரு எல்.ஈ.டி. மின்குமிழை விடக் குறைவாகவே செல்லும். வீட்டில் பழைய லெப்டொப் கிடந்தால் அதில் லினக்ஸ் போட்டும் இயக்கலாம், ஆனால் மின்கட்டணம் கூடும்.

நிறுவும்போது பலர் விடும் தவறு ஒன்றுண்டு. கருவிக்கு மாறாத முகவரி கொடுத்து, அதனை ரவுட்டரில் டி.என்.எஸ். ஆகப் பதிய வேண்டும். இரண்டாவது இடத்தில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூகுளின் 8.8.8.8ஐ எழுதிவிடுகின்றார்கள். பின்னர் சாதனங்கள் நினைத்தபோது அந்த வழியால் போய் விளம்பரங்களைக் கொண்டுவருகின்றன. முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதைதான்! சில ரவுட்டர்களில் இவ்வமைப்பை மாற்றவே முடியாது. அப்போது ரவுட்டரின் டி.எச்.சி.பி. வேலையையும் பை-ஹோலிடம் ஒப்படைக்கலாம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைக்க வேண்டும். யூடியூப் விளம்பரங்களை இது நிறுத்தாது. காணொளி வரும் அதே முகவரிகளிலிருந்தே அவையும் வருகின்றன. பேஸ்புக் விளம்பரங்களும் அப்படியே. ஆகவே டேட்டாவின் பெரும்பகுதி யூடியூபில் செல்லும் வீட்டில், சேமிப்பு கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். வீட்டைவிட்டு வெளியே சென்று கைத்தொலைபேசி டேட்டாவைப் பாவிக்கும்போது பாதுகாப்பும் இல்லை.

எனினும் கணக்கை டேட்டாவோடு முடித்துவிடக் கூடாது. 2014 ஜனவரியின் முதல் நாட்களில் யாஹூ தளத்தில் தோன்றிய விளம்பரங்கள் வழியாக ஐரோப்பியப் பாவனையாளர்களின் கணனிகளுக்குள் தீங்கான மென்பொருட்கள் புகுந்தன. வீட்டிலிருந்தே வியாபாரக் கணக்கும் வங்கி அலுவலும் பார்ப்பவருக்கு இது சிறிய விடயமல்ல. பை-ஹோலின் பதிவேட்டில் எந்தச் சாதனம் எந்த முகவரியைக் கேட்டது என்பதும் தெரியும். யாரும் பார்க்காத வேளையில் தொலைக்காட்சி யாரைத் தேடுகின்றது என்பதை அங்கே காணலாம். மனைவி மக்கள் செல்லும் தளங்களும் அதில் விழும் என்பதால், அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் பொருத்துவதே முறை.

கருவி நின்றால் வீட்டு இணையமே நின்றதுபோல் ஆகும். அடிக்கடி மின்சாரம் தடைப்படும் இடங்களில் மெமரி கார்டு பழுதடைவதும் உண்டு. அமைப்புகளின் பிரதியொன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகைகளும் இணையத்தளங்களும் விளம்பரத்தால்தான் பிழைக்கின்றன என்பதை விளம்பரம் வெளியிடும் ஒரு பத்திரிகையில் எழுதுபவன் மறைக்க முடியாது. நீங்கள் விரும்பி வாசிக்கும் தளத்திற்கு விளம்பரம் வழங்கும் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அவ்வனுமதி அந்த ஒரு தளத்தோடு நிற்காது. அதே முகவரியைப் பாவிக்கும் ஏனைய தளங்களின் விளம்பரங்களும் கூடவே வரும்.